ஏ.டி.எஃப். குழாய்: இரும்பா, ரப்பரா? – வாகனக் கேள்வி பதில்

ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளில் கியர்பாக்ஸ் எண்ணெய் போய்வரும் குழாய்களைப் பற்றி நீலகிரி, பழனி மலை வாசகர்கள் கேட்டவற்றை இந்த முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். ஏ.டி.எஃப். என்பது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஓடும் எண்ணெய். கியர்பாக்ஸில் சூடேறிய அந்த எண்ணெய் ஒரு குழாய் வழியாக ரேடியேட்டருக்குப் போகிறது. அங்கே ஆறி, இன்னொரு குழாய் வழியாகத் திரும்புகிறது. அந்த இரண்டு குழாய்கள்தான் விஷயம்.

கோத்தகிரி வாசகர்: எங்கள் ஆட்டோமேட்டிக் எஸ்.யூ.வி.க்கு 11 வயது. ரேடியேட்டர் பக்கம் இரும்புக் குழாய் துருப்பிடித்து எண்ணெய் கசிகிறது. "முழுக்க ரப்பர் ஹோஸ் போட்டுவிடலாம், ஒரு மணி நேர வேலை" என்கிறார் ஒரு மெக்கானிக். "இரும்புதான் போட வேண்டும்" என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

இருவரும் பாதி சரி. வண்டி கம்பெனியிலிருந்து வந்தபோது அந்தக் குழாய் எப்படி இருந்தது என்று அடியில் படுத்துப் பாருங்கள். கியர்பாக்ஸிலிருந்து எஞ்சின் ஓரமாக ரேடியேட்டர் வரை நீளமாக இரும்பு ஓடும். ரேடியேட்டர் வாயை நெருங்கும்போது ஒரு சாண் அளவுக்கு ரப்பர் இருக்கும். அது காசு மிச்சம் பிடிக்க வைத்தது அல்ல. எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்து ஆடுபவை. ரேடியேட்டரோ பாடியோடு சேர்ந்தது, ஆடாது. ஆடுகிற பொருளையும் ஆடாத பொருளையும் முழு இரும்பால் கட்டினால், கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில் முறுக்கி ஏறும் ஒவ்வொரு முறையும் குழாய் கொஞ்சம் வளைந்து நிமிரும். அந்த வளைவெல்லாம் கடைசியில் நட்டுக்குப் பின்னால், குழாய் வாயை விரித்துச் செய்த பிளேரிங் கழுத்தில் போய்ச் சேரும். அங்கேதான் மயிரிழை அளவு விரிசல் விடும். ஆகவே ஆடும் இடத்துக்கு ரப்பர், ஆடாத நீளத்துக்கு இரும்பு.

அழுத்தம் தாங்குமா என்பதே பலருடைய முதல் கவலை. இந்தக் குழாயில் அழுத்தம் பெரிய சங்கதி அல்ல. ஓடிச் சூடான வண்டியில் ஏறத்தாழ டயருக்குள் இருக்கும் காற்றழுத்த அளவுதான் இருக்கும். பிரேக் குழாயோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. நல்ல ரப்பர் ஹோஸ் அதைச் சுலபமாகத் தாங்கும். ரப்பரைத் தோற்கடிப்பவை வேறு: சூடு, வயது, உரசல், பிடிமானம். எண்ணெய் 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை சாதாரணமாகவே இருக்கும். ஆளேற்றிக்கொண்டு மலை ஏறினால் 110, 120 என்று போகும். 2 மீட்டர் நீள ஹோஸ் சைலன்சர் பக்கமாகத் தொங்கிக்கொண்டு போனால், வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் வெந்து நாலைந்து வருடத்தில் விறைத்துவிடும். மலையில் எலியும் உண்டு. ராத்திரி குளிருக்கு வெதுவெதுப்பான பானெட்டுக்குள் புகுந்து ரப்பரைக் கடிக்கும். இரும்பைக் கடிக்காது.

இந்தக் குழாய் ஒழுகினால் எண்ணெய் வீணாவதோடு போகாது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் கிளட்ச் பிடிப்பதும் எண்ணெய் அழுத்தத்தால்தான். ஹோஸ் கழன்றால் சில நிமிடங்களில் எண்ணெய் கொட்டித் தீர்ந்து, ஏற்றத்தின் நடுவில் வண்டி இழுக்காமல் நின்றுவிடும். எண்ணெய் சூடான சைலன்சர் குழாய் மேல் சிந்தினால் தீப்பிடிக்கவும் செய்யும்.

உங்கள் வண்டிக்கு இப்படிச் செய்யுங்கள். துருவேறிய பகுதி ரேடியேட்டர் முனையில் ஓர் அடிக்குள் இருந்தால், பளபளப்பான நல்ல இரும்பு தெரியும் இடம் வரை வெட்டிவிட்டு அங்கிருந்து ரேடியேட்டருக்கு ரப்பர் போடலாம். துரு நடுவிலும் பின்னாலும் பரவியிருந்தால் இரும்புக் குழாயையே மாற்றுங்கள். துருவைச் சோதிக்கக் கண் போதாது. குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்பைக் கழற்றி அதற்கு அடியில் பாருங்கள். சேறும் ஈரமும் தங்கி முதலில் அரிப்பது அங்கேதான்.

தேயிலைத் தோட்டக்காரர்களுக்கு இன்னொரு வார்த்தை. பொட்டாஷ் உரத்தில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. கடல் உப்பு இரும்பை அரிப்பதைப் போலவே இதுவும் அரிக்கும். அமோனியம் சல்பேட் பித்தளை நட்டுகளுக்கு ஆகாது. உரக் கிடங்கில் நிற்கும் வண்டியையும் மூட்டை ஏற்றும் பிக்கப்பையும் மாதம் ஒருமுறை அடியில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.

கூடலூர் வாசகர்: ஊரில் ஏ.டி.எஃப். ஹோஸ் கிடைக்கவில்லை. பெட்ரோல் ஹோஸ், ரேடியேட்டர் ஹோஸ் இரண்டும் கைவசம் இருக்கின்றன. எது பரவாயில்லை?

ரேடியேட்டர் ஹோஸ் கூடவே கூடாது. அது ஈ.பி.டி.எம். என்ற ரப்பர். தண்ணீருக்கும் கூலண்டுக்கும் அருமையானது, பெட்ரோலிய எண்ணெயில் பட்டால் ஊறி உப்பி, பிசுபிசுத்து, கிளாம்ப்புக்கு அடியிலிருந்து வழுக்கிவிடும். பிரேக் ஹோஸும் இதே குடும்பம்தான். பிரேக் ஆயில் பெட்ரோலிய எண்ணெய் அல்ல, கிளைக்கால் வகை என்பதால் அதற்கு ஈ.பி.டி.எம். ஒத்துப்போகிறது, ஏ.டி.எஃப்.க்கு ஒத்துப்போகாது. நீல நிற சிலிக்கான் ஹோஸைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். சூட்டைத் தாங்கும், எண்ணெயைத் தாங்காது.

பெட்ரோல் ஹோஸ் உள்ளே நைட்ரைல் ரப்பர். எண்ணெயில் ஊறாது. அதனால் போட்ட அன்று ஒன்றும் தெரியாது. ஆனால் அது பெட்ரோலின் மிதமான சூட்டுக்குச் செய்தது. 100 டிகிரி எண்ணெய் நாள் முழுக்க ஓடினால் விறைத்து, கிளாம்ப் பிடித்த இடத்தில் வட்டமாக வெடிக்கும். ஊர் வந்து சேர வழியில்லாத நேரத்தில் ஒரு துண்டு போட்டு மெதுவாக ஓட்டி வரலாம், அவ்வளவுதான். அப்படிப் போட்டதை அந்த வாரமே மாற்றுங்கள். "இன்னும் ஒழுகவில்லையே" என்று விட்டுவைக்கும் துண்டுதான் ஆறு மாதம் கழித்து நடுக்காட்டில் கழுத்தறுக்கும்.

கடையில் கேட்க வேண்டியது டிரான்ஸ்மிஷன் ஆயில் கூலர் ஹோஸ். மேலே எஸ்.ஏ.இ. ஜே1532 என்ற தரக் குறியீடு அச்சிட்டிருந்தால் கேள்வியே இல்லை. அது கிடைக்காவிட்டால், டிராக்டர், ஜே.சி.பி. உதிரிப்பாகம் விற்கும் கடையில் எஸ்.ஏ.இ. 100ஆர்6 என்ற நூல் பின்னிய குறைந்த அழுத்த ஹைட்ராலிக் ஹோஸ் கேளுங்கள். 3/8 அங்குல அளவில் 28 பார் வரை தாங்கும், நமக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு. அதன் வெப்ப வரம்பு 100 டிகிரி என்பதால் சைலன்சரை விட்டு நன்றாகத் தள்ளி, திரும்பி வரும் ஆறிய எண்ணெய்க் குழாயில் மட்டும் பயன்படுத்துவது நல்லது.

அளவில் ஒரு குழப்பம் வரும். இரும்புக் குழாயை வெளி விட்டத்தால் அளப்பார்கள், ஹோஸை உள் விட்டத்தால் அளப்பார்கள். மூணு நூல் குழாய் என்றால் வெளி விட்டம் 3/8 அங்குலம், அதாவது 9.5 மி.மீ. அதற்கு மூணு நூல் ஹோஸ். இரண்டரை நூல் குழாய் 5/16 அங்குலம், சுமார் 8 மி.மீ. பழைய துண்டை வெட்டி எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். "கொஞ்சம் பெரிசு, கிளாம்ப் போட்டு இறுக்கினால் சரியாகிவிடும்" என்று கொடுப்பதை வாங்காதீர்கள். பெரிய ஹோஸை இறுக்கினால் ஒரு பக்கம் மடிப்பு விழும். அந்த மடிப்பு வழியே எண்ணெய் வரும்.

ஊட்டி வாசகர்: ரப்பர் ஹோஸ் மாற்றி இரண்டு மாதம் நன்றாக ஓடியது. ஜனவரியில் உறைபனி விழுந்த ஒரு காலையில் ஸ்டார்ட் செய்து ரிவர்ஸ் போட்டதும் ஹோஸ் பிடுங்கிக்கொண்டு எண்ணெய் முழுக்கக் கொட்டிவிட்டது. ஹோஸ் கிழியவில்லை. கிளாம்ப்பும் இறுக்கமாகவே இருந்தது. காரணம் என்ன?

குழாய் முனையைத் தடவிப் பாருங்கள். வழவழவென்று நேராக இருந்தால் அதுதான் காரணம். கம்பெனிக் குழாயின் முனையில் சுற்றிலும் ஒரு மேடு இருக்கும், மோதிரம் போட்டதுபோல. ஹோஸ் அந்த மேட்டைத் தாண்டி ஏறி, கிளாம்ப் மேட்டுக்குப் பின்னால் உட்காரும். இழுத்தாலும் மேடு தடுக்கும். துருவேறிய முனையை வெட்டியபோது அந்த மேடும் போய்விட்டது. வெறும் குழாய் மேல் கிளாம்ப் மட்டும் பிடித்திருந்தது.

இரண்டு மாதம் பிடித்தது உறைபனியில் ஏன் விட்டது? பூஜ்யம் டிகிரியில் ஏ.டி.எஃப். கெட்டியாகிவிடும். அந்தக் கெட்டி எண்ணெயை, ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரின் சிறு வழிகளில் தள்ள, பம்ப் வழக்கத்தைவிட அதிக அழுத்தம் கொடுக்க வேண்டும். ரிவர்ஸில் பெரும்பாலான கியர்பாக்ஸ்கள் அழுத்தத்தை மேலும் ஏற்றும். அதே குளிரில் ரப்பரும் சுருங்கி விறைத்து, கிளாம்ப்புக்கு அடியில் தளர்ந்திருக்கும். மூன்றும் ஒரே நொடியில் சேர்ந்தன.

சரிசெய்ய லேத்தும் வேண்டாம், வெல்டிங்கும் வேண்டாம். இரட்டை பிளேரிங் செய்யும் கருவியில் முதல் கட்டம் குழாய் வாயை வெளியே உப்ப வைக்கும். இரண்டாம் கட்டம் அதை உள்ளே மடக்கும். முதல் கட்டத்தோடு நிறுத்திவிடுங்கள். அந்த உப்பலே மேடாகிவிடும். அரத்தால் மெல்ல உருட்டி, கூர் இல்லாமல் தேய்த்து, உள்ளே தூள் இல்லாமல் ஊதுங்கள். ஹோஸை ஒரு சொட்டு ஏ.டி.எஃப். தடவி 25 முதல் 30 மி.மீ. வரை ஏற்றுங்கள். கிரீஸ், சோப்பு எதுவும் வேண்டாம். கிளாம்ப் மேட்டுக்குப் பின்னால், ஹோஸ் முனையிலிருந்து 3 மி.மீ. உள்ளே இருக்கட்டும். மேட்டின் மேலேயே கிளாம்ப் வைத்தால் ஹோஸ் அறுபடும்.

கிளாம்ப்பிலும் வித்தியாசம் உண்டு. பட்டையில் வெட்டுத் துளைகள் உள்ள, திருகால் இறுக்கும் சாதாரண ஜூபிலி கிளிப் ரப்பரைத் துளைகளுக்குள் பிழிந்து கடிக்கும். பட்டை வழவழப்பாக, ஓரம் மேல்நோக்கி மடிந்த கிளிப்பை வாங்குங்கள். அல்லது கம்பெனி போட்டிருந்த ஸ்பிரிங் கிளிப்பையே திரும்பப் போடுங்கள், முறுக்கு தளராமல் இருந்தால். குளிரில் ரப்பர் சுருங்கும்போது ஸ்பிரிங் கூடவே சுருங்கிப் பிடிக்கும். ஊட்டி, அவலாஞ்சி பக்கம் இரவில் வெளியே நிற்கும் வண்டிக்கு எங்கள் தேர்வு ஸ்பிரிங் கிளிப்தான்.

பனிக்காலக் காலையில் ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் நியூட்ரலில் விட்டு, பிறகு ரிவர்ஸ் போடுங்கள்.

கொடைக்கானல் வாசகர்: ஏ.சி. மெக்கானிக்கிடம் 3/8 அங்குலச் செம்புக் குழாய் எளிதாகக் கிடைக்கிறது. கையாலேயே வளைகிறது. துருவும் பிடிக்காது. அதைப் போடலாமா?

வேண்டாம். சுவரில் அசையாமல் இருக்கும் ஏ.சி.க்குச் செம்பு பொருத்தம். வண்டியில் ஓயாத அதிர்வு. மெத்தென்று இருக்கும் செம்பு அதிர அதிர இறுகி, பிறகு முறியும். சூடான எண்ணெய் சீக்கிரம் கெட்டுப்போகவும் செம்பு துணைசெய்யும். துருப்பிடிக்காத, கையால் வளையும் குழாய்தான் வேண்டும் என்றால் செம்பு நிக்கல் கலவைக் குழாய் கேளுங்கள், 90 பங்கு செம்பு, 10 பங்கு நிக்கல். வெளிநாட்டு கார்களில் பிரேக் குழாய்க்கே போடுகிறார்கள். விலை அதிகம், கோவைக்குச் சொல்லி அனுப்பித்தான் வாங்க வேண்டியிருக்கும். இருந்தாலும் பெருமாள்மலை, பண்ணைக்காடு போல மூடுபனியும் ஈரமும் ஓயாத இடங்களில் ஓடும் வண்டிக்கு அந்தக் காசு தகும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். துரு பிடிக்காது என்பது உண்மை. ஆனால் கெட்டி உலோகம், சாதாரண 45 டிகிரி பிளேரிங் கருவியில் வாய் வெடிக்கும். அதற்குரிய 37 டிகிரி கருவியும் நட்டும் உள்ள கடையில் செய்தால் மட்டும் போடுங்கள்.

குன்னூர் வாசகர்: சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். இரும்புக் குழாயை நானே செய்து மாட்ட விரும்புகிறேன். வரிசையாகச் சொல்ல முடியுமா?

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். நம் ஊரில் அதுவே பாதி வேலை. சரிவான தெருவில் ஜாக்கி வைக்கவே கூடாது. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, பாடிக்கு அடியில் ஸ்டாண்ட். எண்ணெய் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறட்டும்.

எது போகும் குழாய், எது திரும்பும் குழாய் என்று நூல் கட்டி அடையாளம் வையுங்கள். ரேடியேட்டர் முனையைக் கழற்றும்போது இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்று ரேடியேட்டரில் பதிந்த அறுகோணத்தை அசையாமல் பிடிக்க, மற்றொன்று குழாய் நட்டைத் திருப்ப. ஒரே ஸ்பேனரால் திருகினால் ரேடியேட்டருக்கு உள்ளே இருக்கும் கூலரே முறுக்கிக்கொள்ளும். 500 ரூபாய்க் குழாய் வேலை ரேடியேட்டர் மாற்றும் வேலையாக மாறுவது இந்த இடத்தில்தான். நட்டுக்கு லைன் ஸ்பேனர் போடுங்கள், சாதாரண வாய் ஸ்பேனர் மூலையை உருட்டிவிடும். அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை எண்ணெய் கொட்டும். தட்டு வைத்துப் பிடித்து அளந்து வையுங்கள், திரும்ப ஊற்ற வேண்டிய அளவு அதுதான்.

பழைய குழாயைத் தூக்கி எறியாதீர்கள். புதியதை அதன்மேல் வைத்துப் பார்த்தே வளைக்க வேண்டும். முழுதாக எடுக்க முடியாவிட்டால் கட்டுக்கம்பியை அதே வழியில் ஓட்டி வளைத்து மாதிரி எடுங்கள்.

குழாய் வாங்கும்போது இரட்டைச் சுவர் இரும்புக் குழாய், சுவர் 0.7 மி.மீ., மேலே துத்தநாகமோ பிளாஸ்டிக்கோ பூசியது என்று கேளுங்கள். கட்டில், ஜன்னல் செய்யும் தையல் போட்ட குழாய் வேண்டாம், வளைவில் தையல் பிளக்கும். ஹாக்ஸா பிளேடால் வெட்டாதீர்கள். அந்த இரும்புத் தூள் ஒரு சிட்டிகை, எண்ணெயைத் திருப்பிவிட்டுக் கியர் மாற்றும் வால்வு பாடிக்குள் போனால் போதும், கியர் மாறுவதில் இடறும். சக்கரக் கட்டரை வைத்து, ஒரு சுற்றுக்குக் கால் திருகு மட்டும் இறுக்கிச் சுற்றி வெட்டுங்கள். உள்விளிம்பை வழித்து, வாய் கீழே பார்க்கத் தட்டுங்கள்.

நட்டை முதலில் குழாயில் கோத்துவிட்டுப் பிறகு பிளேரிங் செய்யுங்கள். அனுபவசாலிகளும் இதை மறந்து இரண்டாம் முறை வெட்டுவதுண்டு. இரட்டைச் சுவர்க் குழாய்க்கு இரட்டை பிளேரிங்தான், ஒற்றை மடிப்பு பிளந்துவிடும். பழைய வாய் எந்த வடிவம் என்று பார்த்து அதையே செய்யுங்கள், சில வண்டிகளில் குமிழ் வடிவ வாய் வரும். பான்ஜோ போல்ட் (உள்ளே எண்ணெய் ஓடும் துளை உள்ள போல்ட்) வரும் வண்டிகளில் இரு பக்கச் செம்பு வாஷரையும் புதிதாகப் போடுங்கள்.

வளைக்கக் குழாய் பெண்டர் வேண்டும். மணல் நிரப்பி வளைக்கும் பழக்கம் வேறு வேலைகளுக்கு இருக்கலாம், இதற்குக் கூடாது. ஒரு துகள் உள்ளே ஒட்டிக்கொண்டாலும் ஆபத்து. வளைவு நசுங்கியிருந்தால் அந்தத் துண்டைக் கழித்துவிடுங்கள். நசுங்கிய இடத்தில் ஓட்டம் குறைந்து கியர்பாக்ஸ் காயும். முடிந்ததும் மண்ணெண்ணெய் விட்டு அலசி, கம்ப்ரஸர் காற்றால் இரு பக்கமும் ஊதி, காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

இரு முனை நட்டையும் முதலில் கையால் நாலைந்து மரை ஓட்டிவிட்டு, பிறகு கிளிப்களைப் போட்டு, கடைசியில் இறுக்குங்கள். ஒரு முனையை முழுக்க இறுக்கிவிட்டு மறுமுனையை இழுத்துப் பிடித்து மாட்டினால் குழாய் விறைப்பாகவே நிற்கும், அதிர்வில் முதலில் போவது அதுதான். டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். பிளேரிங் வாய் உலோகத்தோடு உலோகம் அமர்ந்து அடைப்பது, டேப் நார் பிய்ந்து உள்ளேதான் போகும். 30 முதல் 45 செ.மீ.க்கு ஒரு ரப்பர் வைத்த கிளிப். சைலன்சரிலிருந்து குறைந்தது 50 மி.மீ. இடைவெளி. அவ்வளவு இடம் இல்லாத இடத்தில் நடுவே ஒரு தகடு. ரப்பர் பகுதி 15 முதல் 20 செ.மீ. இருக்கட்டும். மிகக் குட்டையாக இருந்தால் ஆட்டம் தாங்காது. நெட்டையாக இருந்தால் எங்காவது உரசும். மூணு நூல் ஹோஸை 75 மி.மீ. ஆரத்துக்குக் கீழே மடக்காதீர்கள்.

இப்போது அளந்து வைத்த அளவுக்குப் புதிய எண்ணெய் ஊற்றுங்கள், வண்டிக் கையேட்டில் சொன்ன அதே வகை. பெல்ட்டால் இயங்கும் சி.வி.டி. கியர்பாக்ஸ் வண்டிக்கு சி.வி.டி. எண்ணெய்தான், சாதாரண ஏ.டி.எஃப். ஊற்றினால் பெல்ட் வழுக்கும். ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு, லீவரை ஒவ்வொரு நிலையிலும் ஐந்து நொடி நிறுத்திச் சுற்றி வாருங்கள். ஒருவர் அடியில் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். பிறகு சூடாகும் வரை ஓட்டி, சமதளத்தில் எண்ணெய் மட்டம் பாருங்கள், பெட்ரோல் பங்க்கின் சிமெண்டுத் தளம் இதற்கு வசதி. டிப்ஸ்டிக் இல்லாத வண்டிகளில் கியர்பாக்ஸ் அடியில் உள்ள அளவுத் துளையில், கையேடு சொல்லும் எண்ணெய் வெப்பத்தில் பார்க்க வேண்டும். அதிகம் ஊற்றுவதும் கெடுதல்தான். எண்ணெய் நுரைத்து, அழுத்தம் இறங்கிக் கியர் வழுக்கும்.

ஓட்டம் சரியா என்று தெரிய, எண்ணெய் சூடான பின் திரும்பும் குழாயைக் கழற்றி ஓர் அளவுப் பாத்திரத்தில் விட்டு, ஐட்லிங்கில் 30 நொடி பாருங்கள். சுமார் ஒரு லிட்டர் வந்தால் நல்லது. அதற்கு வெகுவாகக் குறைந்தால் எங்கோ அடைப்பு. 30 நொடிக்கு மேல் ஓட விடாதீர்கள், பம்ப் காய்ந்துவிடும். 50 கிலோமீட்டர் ஓடிய பின் ஒருமுறை துடைத்துவிட்டுக் கசிவு பாருங்கள்.

பூம்பாறை வாசகர்: பூண்டு மூட்டை ஏற்றும் ஜீப். கியர் கையால் போடுவது. இந்தக் குழாய் எங்கே இருக்கிறது என்று தேடியும் காணவில்லை.

உங்கள் வண்டியில் அது கிடையாது. மேனுவல் கியர்பாக்ஸ் தனக்குள் இருக்கும் எண்ணெயிலேயே பற்சக்கரம் சுழன்று தெறித்து நனைந்துகொள்ளும். நீங்கள் பார்க்கும் மெல்லிய குழாய் கிளட்ச்சுக்குப் போவது, அதில் ஓடுவது பிரேக் ஆயில். ஏ.எம்.டி. கார் வைத்திருப்பவர்களுக்கும் இதே பதில். அதுவும் மேனுவல் கியர்பாக்ஸ்தான், கியர் போடுவதை மட்டும் மோட்டார் செய்கிறது.

குன்னூர் இன்னொரு வாசகர்: ஹைட்ராலிக் கடையில் இரும்புக் கம்பி பின்னிய ஹோஸை இரு முனையும் பிரஸ் செய்து தருகிறார்கள். கிளாம்ப்பே வேண்டாம் என்கிறார்கள். நல்லதுதானே?

நல்லதுதான், இடம் இருந்தால். 100ஆர்1 என்ற ஒற்றைக் கம்பிப் பின்னல் ஹோஸ் 3/8 அங்குலத்தில் 180 பார் தாங்கும். நமக்கு அவ்வளவு தேவையே இல்லை. முனை கழலாது என்பதுதான் லாபம். நஷ்டம், அது முரடு. 127 மி.மீ. ஆரத்துக்குக் கீழே வளையாது. ரேடியேட்டர் பக்கம் இடுக்கில் அதைத் திணித்தால் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியையே நெம்பும். வெளிப்புறம் கரடுமுரடாக இருப்பதால் பக்கத்தில் உள்ள ஒயரையும் அலுமினியக் குழாயையும் அரம்போல ராவிவிடும். மேலே ஓர் உறை போடுங்கள். கம்பி பின்னிய ஹோஸைக் கிளாம்ப் போட்டு மட்டும் மாட்டவே கூடாது. கம்பிக்கூடு அமுங்காது, உள்ரப்பர் பிடிக்காது.

பெரியகுளம் வாசகர்: கொடைக்கானல் போய் வந்த பிறகு கூலண்ட் டப்பாவில் ரோஸ் மில்க் போல இருக்கிறது. ஹோஸ் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். ரேடியேட்டருக்கு உள்ளே இருக்கும் ஏ.டி.எஃப். கூலர் ஓட்டையாகி எண்ணெயும் கூலண்டும் கலந்துவிட்டன. எஞ்சின் ஓடும்போது எண்ணெய் கூலண்டுக்குள் போகும். எஞ்சினை நிறுத்தியதும் எண்ணெய் அழுத்தம் விழுந்துவிடும், ரேடியேட்டரில் மட்டும் அழுத்தம் நிற்கும், அப்போது கூலண்ட் கியர்பாக்ஸுக்குள் போகும். கிளட்ச் தட்டில் லைனிங்கை ஒட்டியிருக்கும் பசை தண்ணீரில் ஊறினால் உரிந்துவிடும். அதனால்தான் ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது. டோ செய்து கொண்டு போங்கள்.

ரேடியேட்டரை மாற்ற வேண்டும். கியர்பாக்ஸ் எண்ணெய் தெளிந்த சிவப்பாக வரும்வரை இரண்டு மூன்று முறை முழுதாக மாற்ற வேண்டும், பில்டரோடு. பலர் விடுவது இதை: எண்ணெய் பட்ட ரேடியேட்டர் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ் எல்லாம் ஈ.பி.டி.எம். அவை இப்போது எண்ணெயில் ஊறிவிட்டன. அழுத்திப் பார்த்து மெத்தென்று உப்பியிருந்தால் அவற்றையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஏற்றத்தில் கூலண்ட் கொட்டும்.

மேட்டுப்பாளையம் வாசகர்: சுற்றுலா வண்டி ஓட்டுகிறேன். தினமும் ஊட்டி ஏற்றம். தனி ஆயில் கூலர் ஒன்று வைக்கச் சொல்கிறார்கள். அவசியமா? குழாயை எப்படிக் கொடுப்பது?

உங்களுக்கு அவசியம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குச் சுமார் 50 கிலோமீட்டரில் 1,900 மீட்டர் ஏறுகிறீர்கள், ஏழு பேரும் மூட்டையும் வைத்துக்கொண்டு. மெதுவாக ஏறும்போது, எஞ்சின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கொடுக்கும் டார்க் கன்வர்ட்டர் வழுக்கிக்கொண்டே இருக்கும், அந்த வழுக்கல் அத்தனையும் சூடாக எண்ணெயில் சேரும். எண்ணெய் 10 டிகிரி கூடச் சூடாக ஓடினால் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பழைய கைக்கணக்கு. லீவரை டி-யிலேயே விடாமல், கீழ் கியரில் நிறுத்தி ஏறுவதும் சூட்டைக் குறைக்கும்.

குழாய் வரிசை: கியர்பாக்ஸ், ரேடியேட்டர், தனிக் கூலர், திரும்பக் கியர்பாக்ஸ். சூட்டின் பெரும்பகுதியை ரேடியேட்டர் எடுக்கும், மிச்சத்தைக் கூலர் எடுக்கும். ஆனால் ஊட்டியில் டிசம்பர் இரவு தங்கி அதிகாலை கிளம்பும் வண்டி என்றால் எண்ணெய் சூடேறாமலே கிடக்கும். எண்ணெய் சூடான பிறகே கூலருக்குள் விடும் தெர்மோஸ்டாட் வைத்த கூலர் அடாப்டர் வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை. கூலரை ஏ.சி. கண்டென்சருக்கு முன்னால் 15 மி.மீ. தள்ளி, தகட்டுச் சட்டத்தில் போல்ட் போட்டு மாட்டுங்கள். கண்டென்சர் துடுப்புகளுக்குள் பிளாஸ்டிக் டை நுழைத்துக் கட்டும் முறை வேண்டாம், அதிர்வில் இரண்டும் ஒன்றையொன்று தேய்த்து ஏ.சி. காஸும் போகும். குழாய் வாய்கள் மேலே அல்லது பக்கவாட்டில் பார்க்கட்டும், கீழே பார்த்தால் காற்று தங்கும்.

கூலரிலிருந்து பாடிச் சட்டம் வரை ரப்பர், அங்கிருந்து இரும்பு. தகட்டில் துளை போட்டு ஹோஸ் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம், வெறும் தகட்டு விளிம்பு ஒரே சீசனில் ஹோஸை அறுத்துவிடும். ஏப்ரல், மே சீசன் தொடங்கும் முன் ஹோஸைக் கிள்ளிப் பாருங்கள். நகம் பதியாமல் கட்டையாக இருந்தாலோ, வளைத்தால் மேல்தோலில் கோடுகள் தெரிந்தாலோ, கிளாம்ப் பக்கம் ஈரத் தூசி ஒட்டியிருந்தாலோ மாற்றிவிடுங்கள். உங்களைப் போல் தினம் ஏறும் வண்டிக்கு, பார்க்க நன்றாக இருந்தாலும் நான்கு வருடத்துக்கு ஒருமுறை ரப்பரும் கிளாம்ப்பும் புதிது.